தீர்வுமையக் கவுன்சிலிங்: கேள்விகள் எப்படி வேலை செய்கின்றன?

கவுன்சிலிங் என்றதும் நம்மில் பலருக்குத் தோன்றுவது, விவரம் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து புத்திமதி சொல்கிற காட்சி. ‘தீர்வுமையக் கவுன்சிலிங்’ (Solution-Focused) என்று பெயரிலேயே ‘தீர்வு’ சேர்ந்துவிட்டால் அந்த எண்ணம் இன்னும் இறுகிவிடுகிறது. பிரச்சினையைச் சொன்னால் தீர்வு கிடைக்கும், அதுவும் நாலைந்து அமர்வுக்குள் கிடைத்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நம்பவைக்கும் விளம்பரங்களும் இருக்கின்றன. ‘நல்லதையே நினை, நல்லதே நடக்கும்’ என்பதற்கு வைத்த புதுப்பெயர் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரு தரப்புமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. இந்த முறையில் ஆலோசகர் தீர்வு எதையும் சொல்வதில்லை. துன்பத்தை மறக்கும்படி கேட்பதும் இல்லை. அவர் கேள்வி கேட்கிறார். கிடைத்த பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கிறார். அந்த ‘அடுத்த கேள்வி’ எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் முறையின் முழு வேலையும் அடங்கியிருக்கிறது.

குழப்பத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணம். ‘ஆலோசனை’ என்றால் யோசனை சொல்வது என்றே காதில் விழுகிறது. இலங்கைத் தமிழில் இதை ‘உளவளத்துணை’ என்கிறார்கள், செய்பவர் ‘உளவளத்துணையாளர்’. துணைக்கு வருகிறவர் என்கிற அந்தப் பொருள் இந்த முறைக்கு எவ்வளவோ நெருக்கமானது. இங்கே தமிழ்நாட்டுப் பழக்கம் கருதி ஆலோசகர் என்றே எழுதுகிறேன்.

மில்வாக்கியில் தொடங்கியது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கி நகரில், 1978-இல் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் தங்கள் சகாக்களோடு சேர்ந்து குடும்பங்களுக்கான குறுகிய காலச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இருவரும் கணவன் மனைவி. பெர்க் கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜான் வீக்லாண்டும் அவருடைய கூட்டாளிகளும் பத்து அமர்வுக்குள் முடியும் சிகிச்சையை அதற்கு முன்பே வளர்த்திருந்தார்கள். பிரச்சினையைத் தீர்க்க மனிதர்கள் எடுக்கும் முயற்சியே அந்தப் பிரச்சினையை எப்படி நீடிக்கவைக்கிறது என்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். மில்வாக்கிக் குழு அங்கிருந்து தொடங்கி வேறொன்றைக் கவனிக்க ஆரம்பித்தது: அந்தப் பிரச்சினை தலைகாட்டாத நேரத்தில் இவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

கோட்பாடு முதலில் வந்து செய்முறை பிறகு வரவில்லை. ஒருவர் உள்ளே பேசிக்கொண்டிருப்பார். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். எந்தப் பேச்சுக்குப் பிறகு வந்தவர்கள் தேறினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பயன்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டார்கள்.

1982-இல் அங்கே வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி அந்தக் குழு பதிவு செய்திருக்கிறது. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, மொத்தம் 27 பிரச்சினைகளைச் சொல்லி முடித்தார்கள். எதுவும் தெளிவாகப் பிடிபடவில்லை. எதற்கு என்ன வழி சொல்வதென்று குழுவுக்குத் தெரியவில்லை. கடைசியில், ‘அடுத்த முறை வருவதற்குள், உங்கள் வாழ்க்கையில் எது தொடர்ந்து நடக்கவேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதைக் கவனித்து வாருங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த குடும்பம், நிலைமை நன்றாகிவிட்டது என்றது. அந்த 27-இல் ஒன்றைக்கூட யாரும் ஆராய்ந்திருக்கவில்லை.

இதே பணியை மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தபோது பலரும் மாற்றத்தோடு திரும்பினார்கள். பிரச்சினையின் வேரை முழுக்கத் தோண்டினால்தான் தீர்வு பிறக்கும் என்பது கட்டாயம் இல்லை என்ற முடிவுக்கு டி ஷேசர் இப்படித்தான் வந்தார். பூட்டையும் சாவியையும் வைத்து அவர் இதை விளக்கினார்: பூட்டுகள் வேறுவேறாக இருக்கலாம்; பல பூட்டுகளைத் திறக்கும் பொதுச்சாவி ஒன்று இருக்குமானால், ஒவ்வொரு பூட்டின் உள்ளமைப்பையும் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அவர்கள் வகுத்த விதிகள் மூன்றே:

1. கெட்டுப்போகாததைப் பழுதுபார்க்காதே.
2. எது பலன் தருகிறதோ அதை இன்னும் கொஞ்சம் செய்.
3. பலன் தராததையே திரும்பத் திரும்பச் செய்யாதே; வேறு ஏதாவது செய்.

எளிமையாகத் தெரிந்தாலும் முதல் விதியைக் கடைப்பிடிப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். எதிரே அழுதுகொண்டிருப்பவரிடம் ‘கெட்டுப்போகாதது’ என்று ஒன்று இருக்கிறதா எனத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும்.

ஓர் உரையாடல்

கேள்விகளின் பெயர்களைச் சொல்வதற்கு முன் அவை பேச்சில் எப்படி வருகின்றன என்று பார்த்துவிடுவோம். கீழே இருப்பது விளக்கத்துக்காகக் கற்பனையாக எழுதியது. கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு, ஏழு மாதமாக அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். தூக்கம் இல்லை, யாரைக் கண்டாலும் எரிச்சல் வருகிறது என்கிறார்.

ஆலோசகர்: இன்னிக்கு இங்க பேசினதால என்ன நடந்தா, வந்தது வீண்போகலைன்னு நினைப்பீங்கம்மா?

அவர்: எனக்கு என்னங்க நடக்கணும். கொஞ்சம் நிம்மதியா இருந்தாப் போதும்.

ஆலோசகர்: நிம்மதி. அந்த நிம்மதி வந்துட்டா, வீட்டுல முதல்ல யாரு கண்டுபிடிப்பாங்க?

அவர்: என் பொண்ணுதான். மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவா.

ஆலோசகர்: வேற எதைப் பாத்துச் சொல்லுவா?

அவர்: காலைல நானே அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். இப்பல்லாம் ‘நீயே பின்னிக்கோ’ன்னு சீப்பைத் தூக்கிப் போட்டுடறேன்.

ஆலோசகர்: நீங்களே பின்னிவிடுவீங்க. இந்த ரெண்டு மூணு வாரத்துல அப்படி எப்பவாவது நடந்துச்சா, ஒரே ஒரு நாளாவது?

அவர்: போன வியாழக்கிழமை. ராத்திரி என் தம்பி வந்து அவருகூடப் படுத்துக்கிட்டான். நான் தூங்கினேன். காலைல பின்னிவிட்டேன்.

ஆலோசகர்: தம்பி எப்படி வந்தாரு அன்னிக்கு?

அவர்: நான்தான் போன் பண்ணேன்.

ஆலோசகர்: நீங்களே கூப்பிட்டீங்க. கூப்பிடலாம்னு எப்படி முடிவு பண்ணீங்க?

அவர்: அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது கை நடுங்கிடுச்சு. கீழ போட்டுடுவேனோன்னு பயந்துட்டேன். இனிமே கௌரவம் பாத்து என்ன ஆகப்போகுதுன்னு கூப்பிட்டேன்.

இந்தப் பேச்சில் ஆலோசகர் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. ‘ஒத்தாசைக்கு ஒரு ஆள் வச்சுக்குங்க’ என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், ‘அதெல்லாம் நம்ம வீட்டுக்கு ஒத்துவராதுங்க’ என்று பேச்சு முடிந்திருக்கும். கௌரவம் பார்க்காமல் உதவி கேட்கலாம் என்பது இப்போது அந்தப் பெண்ணின் சொந்த அனுபவமாக, கிழமை சகிதம் மேசைமேல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குகிறார்கள். ‘அப்ப வாரம் ஒருநாள் தம்பியைக் கூப்பிடுங்க’ என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். சொன்னால், அவர் கண்டுபிடித்ததை நாம் பறித்துக்கொண்டதாகிவிடும். ‘கூப்பிட்டதைப் பத்தி இப்ப நினைச்சா என்ன தோணுது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது மேல்.

‘நிம்மதி’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அதை ‘மன அழுத்தம் குறைவது’ என்று ஆலோசகர் மொழிபெயர்க்கவில்லை. ‘பின்னிவிடுவீங்க’ என்பதை ‘மகளோடு நேரம் செலவிடுவீங்க’ என்று மெருகேற்றவும் இல்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸ் முன்னின்று வளர்த்த நுண்ணாய்வு முறை, சிகிச்சை உரையாடல்களின் ஒளிப்பதிவைச் சொல் சொல்லாக எடுத்துப் பார்க்கிறது. அந்த முறையில் 2013-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், தீர்வுமையச் சிகிச்சையாளர்கள் வந்தவரின் சொற்களை அப்படியே எடுத்துத் திரும்பச் சொல்வது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) செய்கிறவர்களைவிட அதிகமாக இருந்தது. கேட்பதற்கு அற்ப விஷயம்போல இருக்கும். ஆனால் ஒருவர் சொன்னதில் எந்தச் சொல்லை எடுக்கிறோம், எதை விடுகிறோம், எதை மாற்றுகிறோம் என்பதே பேச்சு போகும் திசையைத் தீர்மானிக்கிறது.

முக்கியமான கேள்விகள்

1. எதிர்பார்ப்புக் கேள்வி. மேலே உரையாடல் தொடங்கியது இதில்தான். இதற்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்ததில் 1989-இல் லண்டனில் கிறிஸ் ஐவ்சன், எவன் ஜார்ஜ், ஹார்வி ராட்னர் ஆகிய மூவர் தொடங்கிய ‘பிரீஃப்’ மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் கடந்தகாலம் வரும், ‘என்ன நடக்கவேண்டும்?’ என்று கேட்டால் வராத காலம் வரும்.

2. முன்மாற்றக் கேள்வி. நேரம் குறித்த நாளிலிருந்து வந்த நாளுக்குள் ஏதாவது மாறியதா என்பது. மில்வாக்கிக் குழு 1987-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், இப்படிக் கேட்கப்பட்ட 30 குடும்பங்களில் 20 குடும்பங்கள் ஏற்கெனவே ஏதோ நல்ல மாற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். யாரும் கேட்டிருக்காவிட்டால் அது பேச்சிலேயே வந்திருக்காது.

3. விதிவிலக்குக் கேள்வி. பிரச்சினை வந்திருக்கவேண்டிய நேரத்தில் வராமல் போன, அல்லது குறைவாக வந்த வேளை. வியாழக்கிழமை அப்படிப்பட்டது. விதிவிலக்கைக் கண்டுபிடித்தவுடன் ‘பாத்தீங்களா, உங்களால முடியுது’ என்று குதிக்கக் கூடாது. அதில் அவருடைய பங்கு என்ன என்று கேட்டு வாங்கவேண்டும். ‘நான்தான் போன் பண்ணேன்’ என்ற வரி வெளியே வந்தது அப்படித்தான்.

4. அதிசயக் கேள்வி. நம்பிக்கை இழந்து வந்த ஒரு பெண் ‘ஏதாவது அதிசயம் நடந்தால்தான் உண்டு’ என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு பெர்க் கேட்டதில் பிறந்தது. தமிழில் ஏறக்குறைய இப்படிக் கேட்கலாம்: ‘ஒரு விசித்திரமான கேள்வி கேக்கட்டுமா? இங்கிருந்து வீட்டுக்குப் போறீங்க. வேலையெல்லாம் முடிச்சு, சாப்பிட்டுப் படுக்கறீங்க. எல்லாரும் தூங்கியாச்சு. அந்த ராத்திரி ஒரு அதிசயம் நடக்குது. எதுக்காக இங்க வந்தீங்களோ அது சரியாயிடுது. ஆனா தூங்கிட்டிருந்ததால உங்களுக்குத் தெரியாது. காலைல எந்திரிக்கிறீங்க. ஏதோ மாறியிருக்குன்னு முதல்ல எதைப் பாத்துக் கண்டுபிடிப்பீங்க?’

இதன் ஒவ்வொரு பகுதிக்கும் வேலை இருக்கிறது. சாப்பிடுவதும் படுப்பதும் பேச்சை நிதானப்படுத்தி, அதிசயத்தை அவருடைய வீட்டுக்குள் கொண்டுபோகின்றன. ‘உங்களுக்குத் தெரியாது’ என்பதால், அவர் அடையாளங்களைத் தேடவேண்டியிருக்கிறது. ‘முதல்ல’ என்ற சொல், பெரிய கனவிலிருந்து காலை ஆறு மணிக்கு நடக்கிற சின்னச் செயலுக்கு இறக்கிக்கொண்டு வருகிறது. இதை அவசரமாகக் கேட்டு முடித்தால் ‘எல்லாம் நல்லா இருக்கும்’ என்ற பதில்தான் வரும்.

5. அளவுகோல் கேள்வி. பூஜ்யம் முதல் பத்து வரை இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எண் முக்கியமில்லை, அதற்குப் பின்னால் வரும் கேள்விதான் முக்கியம். மூன்று என்று சொன்னவரிடம், ‘ரெண்டுக்கு இறங்கிடாம எது உங்களை மூணுல பிடிச்சு வச்சிருக்கு?’ என்று முதலில் கேட்கவேண்டும். பிறகே ‘நாலு ஆனா என்ன வித்தியாசம் தெரியும்?’ என்பது. வரிசை மாறினால், குறையைச் சுட்டுவதாக ஆகிவிடும்.

6. சமாளிப்புக் கேள்வி. ‘இவ்வளவுக்கு நடுவுல இந்த ஏழு மாசத்தை எப்படிக் கடந்து வந்தீங்க?’ நிலைமை மிக மோசமாக இருப்பவரிடம் அதிசயத்தைக் கேட்பது கொடுமை. அங்கே இந்தக் கேள்விதான் பொருத்தம். இதில் அவருடைய துன்பத்துக்கும் மரியாதை இருக்கிறது, தாங்கியதற்கும் இருக்கிறது.

இரண்டாம் அமர்வு பெரும்பாலும் ‘என்ன முன்னைவிட நல்லா இருக்கு?’ என்றே தொடங்கும். ‘ஒண்ணும் இல்ல’ என்று பதில் வந்தால் வாதாடக் கூடாது. எது இன்னும் மோசமாகாமல் தடுத்தது என்று கேட்டுக்கொண்டு அங்கிருந்து நகரவேண்டும்.

தமிழில் கேட்கும்போது

இந்தக் கேள்விகளை ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டிலிருந்து அப்படியே பெயர்த்தால் நம் ஊரில் வேறு பொருள் எடுக்கும்.

‘ஏன்’ என்பது முதலாவது. நம் வீடுகளில் ‘ஏன் லேட்?’, ‘ஏன் மார்க் குறைஞ்சுது?’ எல்லாமே விசாரணை. அதனால் ‘ஏன் மூணு? ஏன் ரெண்டு இல்ல?’ என்பதைக்கூடக் கேட்பவர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளலாம். ‘எப்படி’, ‘எது’ என்று திருப்பினால் அந்த முள் போய்விடும்.

பத்துக்கு எத்தனை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் ஞாபகம் வரும். வாத்தியார் எதிர்பார்க்கிற எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பத்துப் படிகள் வரைந்து ‘எந்தப் படியில நிக்கறே?’ என்று கேட்டு விரலை வைக்கச் சொல்வது நல்லது.

அதிசயக் கேள்விக்கும் சரி, விதிவிலக்குக் கேள்விக்கும் சரி, ‘எல்லாம் சாமி புண்ணியம்’ என்று பதில் வருவது சகஜம். பயிற்சி பெற்றவர்கள் சிலர் இதைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக நினைத்துத் திருத்தப் பார்க்கிறார்கள். திருத்தவேண்டியதில்லை. ‘சாமி குடுத்த அந்த நாள்ல நீங்க என்ன பண்ணீங்க?’ என்று கேட்டால் நம்பிக்கையும் காயப்படாது, அவருடைய செயலும் வெளியே வரும்.

நெருங்கியவர் கண்ணால் தன்னைப் பார்க்கச் சொல்லும் உறவுக் கேள்விகள் மட்டும் தமிழில் தானாகவே பொருந்திவிடுகின்றன. தன்னைப் பற்றிக் கேட்டால் மௌனமாகிறவர்கள்கூட, ‘உங்க மாமியார்கிட்ட கேட்டா எத்தனைன்னு சொல்லுவாங்க?’ என்றால் வாய் திறக்கிறார்கள். பிறர் கண்ணால் தன்னைப் பார்த்தே பழகிய சமூகத்தில் இது இயல்பான வழி.

எங்கே பயன்படுத்தக் கூடாது

இந்தப் பகுதியைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை.

1. வீட்டு வன்முறை. ‘அவர் அடிக்காத நாள்ல நீங்க வித்தியாசமா என்ன பண்ணீங்க?’ என்பது இலக்கணப்படி சுத்தமான விதிவிலக்குக் கேள்வி. அடிபடுகிற பெண்ணிடம் அதைக் கேட்பது, அடிக்குக் காரணம் அவர்தான் என்று சொல்வதற்குச் சமம். அடிப்பவரின் செயலுக்கு அடிப்பவர் மட்டுமே பொறுப்பு. இங்கே முதல் வேலை பாதுகாப்பு. போகிற இடம், நம்பகமான ஆள், சட்ட உதவி. அதன்பிறகு, ‘பிள்ளைகளைப் பத்திரமா வச்சுக்க இதுவரைக்கும் என்னென்ன பண்ணியிருக்கீங்க?’ என்ற சமாளிப்புக் கேள்விக்கு இடம் உண்டு. நுட்பத்தைத் தெரிந்துகொண்டு சூழலைத் தெரிந்துகொள்ளாத ஆலோசகர் எவ்வளவு பெரிய தீங்கு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2. தற்கொலை எண்ணம். அளவுகோல் கேள்வி கேட்டுச் சுற்றி வளைக்காமல், உயிரை விட நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆபத்து இருந்தால் தனியாக விடாமல் மருத்துவ உதவிக்குக் கொண்டுபோகவேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

3. மனச்சிதைவு, கடுமையான மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்றவை. மருந்தும் மனநல மருத்துவரும் தேவைப்படும் இடத்தில் கேள்விகள் துணையாக நிற்கலாம், மாற்றாக முடியாது.

4. புதிய துக்கம். பிள்ளையைப் பறிகொடுத்து மாதம்கூட ஆகாதவரிடம் அதிசயம் கேட்டால், அவர் சொல்லப்போகிற பதில் ஒன்றுதான். அந்தப் பதிலை வரவழைக்க நமக்கு உரிமை இல்லை.

இவை தவிர, எங்கும் நடக்கிற இன்னொரு பிழை தீர்வைத் திணிப்பது. வந்தவர் வலியைச் சொல்லி முடிப்பதற்குள் ‘சரி, எப்ப நல்லா இருந்துச்சு?’ என்று தாவுவது. தான் சொன்னது காதில் விழவே இல்லை என்று அவர் நினைப்பார். அடுத்த அமர்வுக்கு வரமாட்டார். பிரச்சினையைக் கேட்பதற்கு இந்த முறையில் தடை இல்லை. அதை நோண்டி நோண்டிக் காரணம் தேடுவது மட்டும்தான் தேவையில்லை என்கிறது.

பலன் தருகிறதா?

வாலஸ் ஜிஞ்சரிச்சும் லான்ஸ் பீட்டர்சனும் 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வில் 43 ஒப்பீட்டு ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். 32-இல் குறிப்பிடத்தக்க நற்பலன் தெரிந்தது. பெரியவர்களின் மனச்சோர்வில் ஆதாரம் வலுவாக இருந்தது. ஆனால் 2008-இல் ஜானி கிம் 22 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது விளைவின் அளவு சிறியதாகவே வந்தது. ஆகவே மந்திரக்கோல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வெறும் பேச்சு என்று தள்ளவும் ஆதாரம் இல்லை.

என் பார்வையில் அதிகம் கற்றுக்கொடுப்பது பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வு. மனச்சோர்வு அல்லது பதற்றக் கோளாறு இருந்த 326 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தீர்வுமையச் சிகிச்சை, குறுகிய கால உளஇயக்கச் சிகிச்சை (ஆழ்மனத்தையும் பழைய அனுபவங்களையும் ஆராய்வது), ஏறக்குறைய மூன்றாண்டு நீளும் நீண்டகால உளஇயக்கச் சிகிச்சை ஆகியவற்றைத் தந்து பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் குறுகிய காலச் சிகிச்சைகள் இரண்டும் வேகமாகப் பலன் தந்தன. இரண்டாம் ஆண்டில் வித்தியாசம் மறைந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் நீண்டகாலச் சிகிச்சை முந்தியது. குறுகிய கால முறைகள் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேகமாகத் தேறுவது உண்மை. சிலருக்கு அது போதாது என்பதும் உண்மை. மனநலப் பணியாளர்கள் குறைவாகவும் வரிசை நீளமாகவும் உள்ள இடங்களில் அந்த வேகத்துக்கு மதிப்பு அதிகம். அதற்காக எல்லோரையும் நாலு அமர்வில் அனுப்பிவிடுவதை அந்த ஆய்வு நியாயப்படுத்தவில்லை.

எப்போது முடிப்பது?

அமர்வுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டியதில்லை. முடிவையும் வந்தவரிடமே கேட்கிறார்கள்: எந்த எண்ணுக்கு வந்தால் இனி இங்கே வரத் தேவையில்லை என்று நினைப்பீர்கள்? பத்து என்று சொல்கிறவர்கள் அரிது. ஏழு, எட்டு என்பார்கள். கணவரைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணைப் போன்ற ஒருவர் இப்படியும் சொல்லக்கூடும்:

‘ஆறு போதுங்க. அவரு எந்திரிச்சு நடக்கப்போறது இல்ல, அது எனக்குத் தெரியும். வாரத்துல ரெண்டு நாள் நான் தூங்கி, பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டா அது ஆறு.’